ஆடுதுறையில் இரண்டு பருவம் சோதித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய வேளாண்மை உற்பத்தி ஆணையர் அவர்களுக்கு,



விதைநெல் வாங்க வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வரும் உழவர்களிடம் விதை நேர்த்தி செய்யும்படி உங்கள் அலுவலர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். கிலோவுக்கு 2 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லி, இல்லையென்றால் 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா. நல்ல யோசனைதான். ஆனால் கார்பென்டாசிம் கலந்த விதை மிஞ்சினால் மனிதரும் உண்ண முடியாது, மாட்டுக்கும் வைக்க முடியாது. அதை வெறுங்கையால் கலப்பவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஒரே மருந்தைத் தொடர்ந்து போட்டால் பூஞ்சணமும் அதற்குப் பழகிவிடும். ஜப்பானில் 1980களில் நெல்லைத் தாக்கும் பக்கானே பூஞ்சணம் பெனோமைல் மருந்தை இப்படித்தான் எதிர்த்து நின்றது. கார்பென்டாசிம் அதே குடும்பத்து மருந்து.

விதையோடு வரும் நோய்களில் பக்கானே பொல்லாதது. பயிர் பூக்கும்போதே கதிருக்குள் புகுந்துவிடும். விதைநெல்லைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றவற்றை மிஞ்சி வளரும்போதுதான் தெரியவரும். அந்தப் பூஞ்சணம் சுரக்கும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கிதான் காரணம். அப்படி வளர்ந்த நாற்றுகளில் பல நட்ட பிறகு காய்ந்துபோகும். தப்பிப் பிழைப்பதிலும் பெரும்பாலும் பதர்தான்.

இந்த நோய்க்குக் குளிர் பிளாஸ்மாவால் விதை நேர்த்தி செய்வதைப் பற்றி எழுதவே இந்த மடல். காற்றுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து பிளாஸ்மா ஆகிறது; அதில் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இன்னும் பல வினைத்துடிப்புள்ள பொருள்களும் உண்டாகின்றன. அவை விதையின் மேலுறையில் ஒட்டியிருக்கும் பூஞ்சண வித்துகளையும் பாக்டீரியாக்களையும் சிதைக்கின்றன. விதை வேகுமளவுக்குச் சூடேறுவதில்லை, மருந்தும் ஒட்டுவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நெல்விதையைப் பிளாஸ்மாவில் 10 நிமிடம் வைத்தபோது பக்கானேயின் தீவிரம் நேர்த்தி செய்யாத விதையில் கண்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. முளைப்பும் கெடவில்லை.

ஆனாலும் இதை நாளைக்கே வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. பிளாஸ்மா மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. கருவுக்குள் குடியிருக்கும் நோயை அது தொடாது. மருந்து ஒட்டாததால் மண்ணிலிருந்து தாக்கும் பூஞ்சணத்திடமிருந்து நாற்றைக் காக்கவும் செய்யாது. நேரம் கூடினால் முளைப்புத்திறன் விழும். ஆய்வகத்தில் கைப்பிடி விதையை ஓர் அடுக்காகப் பரப்பிச் செய்வது எளிது. நம் விதைச் சுத்திகரிப்பு நிலையங்களில் டன் கணக்கில் ஓடும் நெல்லில் ஒவ்வொரு மணியின் எல்லாப் பக்கமும் பிளாஸ்மா படுவதுதான் கடினம். கருவி விற்க வருபவர்கள் முளைப்பு கூடியது, வேர் நீண்டது என்று படம் காட்டுவார்கள். 80 விழுக்காடு முளைப்புக்குச் சான்று பெற்ற விதையில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாற்றங்காலில் நோய் எவ்வளவு குறைந்தது என்பதையே கேளுங்கள்.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காந்திநகரில் மத்திய அரசின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். பக்கானே தாக்கிய வயலின் விதையை ஐந்தாகப் பிரித்து, ஒன்றைச் சும்மா விட்டு, மற்றவற்றுக்குக் கார்பென்டாசிம், சூடோமோனாஸ், வெந்நீர், பிளாஸ்மா என நேர்த்தி செய்து, குறுவையிலும் சம்பாவிலும் விதைக்கச் சொல்லுங்கள். வெந்நீரைச் சேர்க்கச் சொல்வது காரணத்தோடுதான்: ஜப்பானிய உழவர்கள் 60 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் விதையை மூழ்கவைத்து வருகிறார்கள், அதற்குப் பெரிய கருவியும் தேவையில்லை.

நேர்த்தி செய்த விதையில் பாதியைச் சில மாதம் கிடங்கில் வைத்தும் விதைத்துப் பார்க்கவேண்டும், நம் விதை அப்படித்தான் உழவர் கைக்கு வருகிறது. கிலோவுக்கு ஆகும் மின்செலவையும் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். வெந்நீரே முந்தினால் அந்த முடிவையும் மறைக்காமல் அச்சிட்டு, விரிவாக்க மையங்களின் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விதைநெல் விளைவிக்கும் ஓர் உழவர்