மலை எவருடையது? வாசல் எவருடையது?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் ஏற்காடு. போய் வந்தவர்களைக் கேளுங்கள், என்ன பார்த்தீர்கள் என்று. "லேடீஸ் சீட் பார்த்தோம், ஜென்ட்ஸ் சீட் பார்த்தோம், சில்ட்ரன்ஸ் சீட் பார்த்தோம்" என்பார்கள். துரைசானி அமர்ந்து காற்று வாங்க ஓர் ஆசனம்! துரை அமர்ந்து சமவெளியைப் பார்க்க ஓர் ஆசனம்! துரை வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஓர் ஆசனம்! விடியற்காலையில் கூடையை எடுத்துக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கப் போகிறாளே மலையாளிப் பெண், மாலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு எடை போடும் இடத்திற்கு வருகிறாளே, அவளுக்கு? அவளுக்கு இந்த மலையில் ஆசனம் எங்கே?

மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வாரும் உண்டு. பெயரிலே ஆட்சி இருக்கிறது. பிழைப்பிலே கூலி இருக்கிறது!

அந்த மக்களிடம் ஒரு குலக்கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்து, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது கதை. ஆக, அவர்களும் ஒரு காலத்தில் வந்தவர்கள்தாம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன்? வந்தவன் என்பது வசைச்சொல் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகத்தான். மூவர் வந்தார்கள், காட்டைத் திருத்தினார்கள், சாமையும் கேழ்வரகும் விதைத்தார்கள். எவருடைய வாசலையும் அடைத்துக்கொண்டு உட்காரவில்லை.

1820-களில் வந்தவர் வேறு வகை. சேலத்துக் கலெக்டர் காக்பர்ன். ஒரு கையிலே வரிவசூல் ஏடு. மறு கையிலே காப்பி நாற்று. காப்பியைக் கொண்டுவந்தார், பேரிக்காயைக் கொண்டுவந்தார், நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொல்வோம். ஏற்காட்டின் தந்தை என்றே அவரை எழுதி வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால், தந்தை என்றால் பிள்ளைகளுக்குச் சொத்து வந்திருக்க வேண்டுமே! சொத்து எங்கே போயிற்று?

போன வழியைப் பாருங்கள். மலைமகன் காட்டை வெட்டி விதைப்பான், சில ஆண்டு கழித்து அந்த இடத்தை ஆறப்போட்டு வேறிடம் போவான், மீண்டும் வருவான். அது அவனுடைய வேளாண்மை. அவனிடம் ஏர் இருந்தது, பத்திரம் இல்லை. சர்க்கார் ஏட்டிலே ஆறப்போட்ட நிலத்துக்குப் பெயர் தரிசு! தரிசு என்று எழுதினால் போதும், துரைக்குக் கொடுத்துவிடலாம். ஏடு எழுதுகிறவனும் இங்கிலீஷ்காரன். நிலம் கேட்கிறவனும் இங்கிலீஷ்காரன். இடையே நின்றவனுக்கு எழுத்தும் தெரியாது, ஏட்டில் இடமும் கிடையாது. நேற்றுவரை விதைத்தவன் இன்று அதே மண்ணில் கூலி.

அந்நியன் பணக்காரன் ஆனான் என்று நான் முறையிடவில்லை. நிலத்துக்குப் போகும் வாசல், சந்தைக்குப் போகும் வாசல், சர்க்காருக்குப் போகும் வாசல், மூன்றுக்கும் ஒரே கூட்டம் சாவி வைத்திருந்தது. கேடு அங்கேதான் பிறந்தது.

இந்த நோயை இன்னும் தெளிவாகக் காண வேண்டுமா? கடல் கடந்து ஒரு தீவுக்குப் போவோம். காப்பியைத் தொடர்ந்துதான் போகிறோம்.

கரீபியன் கடலில் ஹைட்டி என்றொரு நாடு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், 1780-களில், உலகச் சந்தைக்கு வந்த காப்பியில் ஏறத்தாழப் பாதி அந்த மண்ணில் விளைந்தது. விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1791-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804-இல் விடுதலைக் கொடி ஏற்றினார்கள். 1805-இல் எழுதிய அரசியல் சட்டத்தில், வெள்ளையருக்கு இங்கே நிலவுடைமை இல்லை என்று விதி செய்தார்கள். சபாஷ் என்கிறோமல்லவா? பொறுங்கள்.

நிலத்தைக் காத்தார்கள், துறைமுகத்தைக் காக்க முடியவில்லை! 1825-இல் பிரான்சு போர்க்கப்பல்களோடு வந்து, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் நட்டஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. அடித்தவன், அடிபட்டவனிடம் கை வலிக்கு மருந்துச் செலவு கேட்ட கதை! 1838-இல் அது 9 கோடியாகக் குறைந்தது. அதற்காகப் பட்ட கடன் முழுதும் தீர்ந்த ஆண்டு 1947. நாம் விடுதலை பெற்ற ஆண்டில்தான், 1804-இல் விடுதலை பெற்றவன் விடுதலையின் விலையைக் கட்டி முடித்தான். அத்தனையும் காப்பி உழவன் முதுகிலிருந்து வந்த பணம்.

பணமில்லாத நாட்டில் பணம் வைத்திருப்பவன் அரசன். ஜெர்மானிய வணிகர் வந்தனர். உள்ளூர்க் குடும்பங்களில் பெண்ணெடுத்து நிலத் தடையைத் தாண்டினர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரியா, லெபனான் பக்கத்திலிருந்து வந்தனர். வரும்போது அவர்களும் ஏழைகள். துணி மூட்டையை முதுகில் சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள். பிறகு கடை, பிறகு கிடங்கு, பிறகு இறக்குமதி. 1903-இல் அவர்களுக்கு எதிராகச் சட்டமே வந்தது. சட்டம் வந்தது, நிலை மாறவில்லை. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டை ஆண்டது; 1918-இல் வந்த புதிய அரசியல் சட்டம் அந்நியருக்கு நில உரிமையையும் திறந்துவிட்டது. 1995-இல் அரிசி இறக்குமதி வரி 3 விழுக்காடாக வெட்டப்பட்டது. அமெரிக்க அரிசி குவிந்தது. ஹைட்டி உழவன் சாய்ந்தான். இறக்குமதி செய்தவன் நிமிர்ந்தான். உள்ளூர்ச் சீமான்களும் தளபதிகளும் அந்த வாசலிலே பங்காளிகளாக நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இதைக் கேட்டதும் ஓர் அவசரக்காரத் தோழர் துள்ளி எழுவார். "அப்படியானால் வந்தவனை விரட்டுவதுதானே வழி?" என்பார்.

அவருக்குப் பர்மாவைக் காட்டுகிறேன். அங்கே போய் வாசலில் அமர்ந்தவர்கள் நம்மவர்கள்! நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள், காடும் சதுப்பும் நெல்வயல் ஆயின, உண்மை. 1930-களின் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் நின்றது, நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்களிடம். 1938-இல் நூற்றுக்கு 25 பங்கு! பர்மியன் கொதித்தான். கொதிக்காமல் என்ன செய்வான்? 1962-இல் நெ வின் இராணுவ ஆட்சி வந்தது. வங்கியும் கடையும் நாட்டுடைமையாயின. இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள்.

கப்பலேறியவர்களில் வட்டிக்கடை முதலாளி எத்தனை பேர்? மூட்டை தூக்கியவன், படகு தள்ளியவன், தெருக்கூட்டியவன் எத்தனை பேர்? சென்னையின் பர்மா பஜாரில் நடைபாதைக் கடை போட்டுப் பிழைத்த குடும்பங்களைக் கேளுங்கள், சொல்வார்கள். சரி, பர்மிய உழவனாவது வாழ்ந்தானா? 1987-இல் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாட்டை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. செட்டியார் எழுந்த நாற்காலியில் தளபதி உட்கார்ந்தான். நாற்காலி அப்படியே இருந்தது. ஆளை மாற்றுவது எளிது, தோழர்களே! வாசலைத் திறப்பதுதான் புரட்சி.

இப்போது ஏற்காட்டுக்குத் திரும்புவோம். துரைமார் போனார்கள். தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் சமவெளியின் செல்வர்கள். தோல் நிறம் மாறியது, தோட்டத்துக் கணக்கு மாறவில்லை. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது: ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-இல் கழக ஆட்சி அதை 15 ஆக்கியது. ஆனால் தோட்டப் பயிருக்கு விலக்கு! நெல் வயலுக்கு வரம்பு உண்டு, காப்பித் தோட்டத்துக்கு வரம்பு இல்லை. பிரித்தால் விளைச்சல் கெடும் என்று காரணம் சொன்னார்கள். காப்பி வாரியத்தின் கணக்கோ, இந்தியாவில் காப்பி பயிரிடுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் சிறு விவசாயிகள் என்கிறது. சிறியவன் கையில் காப்பிச்செடி பட்டுப்போகுமென்பது பொய்யாயிற்றே!

மேல்மண்ணின் கதை அது. கீழ்மண்ணின் கதையையும் கேளுங்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். மேட்டூரில் மால்கோ ஆலை 1965-இல் அலுமினியம் வார்க்கத் தொடங்கியது. 1995-இல் ஆலை ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. அதன் தாய்க் கம்பெனி வேதாந்தா 2003-இல் லண்டன் பங்குச் சந்தையில் ஏறியது. 2008-இல் உலை அணைந்தது. லண்டன்காரன் ஏட்டில் தொடங்கிய கதை லண்டன் பங்குச் சந்தையில் வந்து நின்றதைப் பார்த்தீர்களா? மலை வெட்டப்பட்டது இங்கே. பங்கு விற்கப்பட்டது அங்கே.

காப்பி விலையும் இங்கே பேசப்படுவதில்லை. நியூயார்க்குச் சந்தையில் பேசப்படுகிறது. 2025 பிப்ரவரியில் அராபிகா விலை, பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. நியூயார்க்கில் விலை ஏறியபோது தோட்டத்துக்காரர் முகம் மலர்ந்தது; விடுதிக்காரர் கோப்பை விலையை ஏற்றினார். பழம் பறித்தவளின் கூலி அந்த ஏணியில் எத்தனை படி ஏறியது? விலை வீழ்ந்தால் மட்டும் முதல் அடி அவள் மேல் விழுகிறதே, அது எந்த நாட்டு நியாயம்?

"எல்லாம் சரி, வேறு வழி உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. வெகுதூரம் போக வேண்டாம். இதே கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஆந்திரத்து அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போனால் போதும். அங்கேயும் பழங்குடி; அங்கேயும் காப்பி; அந்த வட்டார மலைகளிலும் பாக்சைட். ஆனால் அங்கே 1959-இல் ஒரு சட்டம் போட்டு, 1970-இல் அதை இறுக்கினார்கள்: பழங்குடிப் பகுதியின் நிலம் பழங்குடி அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது. 1997-இல் சமதா வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அந்தப் பகுதிகளில் தனியார் கம்பெனிக்குச் சுரங்கக் குத்தகை கொடுக்கச் சர்க்காருக்கே உரிமையில்லை என்றது. நிலம் நின்றது, நின்ற நிலத்தில் காப்பி வளர்ந்தது. உழவர்கள் கூட்டாகச் சேர்ந்தார்கள். 2017-இல் அரக்குக் காப்பிக்குப் பாரிஸ் நகரில் கடை திறக்கப்பட்டது. ஹைட்டியிடம் நட்டஈடு கேட்ட அதே பாரிஸ்! அரக்கில் தேனும் பாலும் ஓடுகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே மலைமகனுக்கு நிலத்தின் சாவி கையில். சந்தையின் சாவியில் பங்கு.

ஆந்திரத்து மலைகளுக்கு அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. தமிழ்நாட்டில் ஒரு மலைக்கும் இல்லை. "அதற்கு டில்லியல்லவா மனம் வைக்க வேண்டும்?" என்று கைவிரிக்கலாம். கைவிரிக்க விடமாட்டேன். நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. 1967-க்குப் பின் இந்த மாநிலத்தை நீண்ட காலம் ஆண்டவை திராவிட இயக்கக் கட்சிகள். கேள்வியைத் தபாலில் டில்லிக்கு அனுப்பிவிட்டு நாம் உறங்கப் போக முடியாது.

ஆகவே, கிளைக் கூட்டங்களில் பேச நான்கு கோரிக்கைகள். பழங்குடி நிலம் பிறர் கைக்குப் போகாதபடி, ஆந்திரத்தைப் போல் ஒரு சட்டம் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரியவர்க்கெல்லாம் பட்டா வேண்டும். பழம் உரிக்கவும் காயவைக்கவும் பக்குவப்படுத்தவும் விற்கவும் மலைமக்களின் கூட்டுறவு ஆலை வேண்டும். பழமாக விற்பவன் ஏமாறுவான், கொட்டையாக விற்பவன் பேரம் பேசுவான். தோட்டக் கூலிக்குக் காப்பி விலையோடு சேர்ந்து ஏறும் விகிதம் வேண்டும். அது விலையோடு சேர்ந்து இறங்காதபடி ஓர் அடித்தளமும் வேண்டும்.

ஹைட்டி நிலத்தைக் காத்துச் சந்தையை இழந்தது. பர்மா ஆளை விரட்டி நாற்காலியை விட்டுவைத்தது. இரண்டையும் கண்ட பிறகும் ஏற்காட்டில் நாம் பாடம் படிக்காவிட்டால், பிழை வரலாற்றினுடையதாகாது.

பழங்குடி மக்களுக்கென்று ஏற்காடு ஒதுக்கியுள்ள ஆசனம் ஒன்றே ஒன்று உண்டு: சட்டமன்றத் தொகுதி. துரை விட்டுச்சென்ற கல் ஆசனங்களில் காற்று வாங்கலாம். சட்டமன்ற ஆசனத்தில் சட்டம் வாங்கலாம். அந்த ஓர் ஆசனத்திலிருந்து எழும் குரலுக்கு மற்ற 233 ஆசனங்களும் துணை நிற்க வேண்டும். நிற்கவைக்க வேண்டியவர்கள், வாக்குக் கேட்டு அந்த வளைவுகளை ஏறி இறங்கும் நாம்தாம்!