எல்.கே.ஜி. பிள்ளை போடுமாமே இந்தச் சதுரத்தை!

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் இங்கே ஒரு படம் போட்டேன். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு மஞ்சள் சதுரங்கள், யோசெப் ஆல்பர்ஸ் வரைந்தது. வந்த பதில்களைப் பாருங்கள். "டீச்சர், என் எல்.கே.ஜி. பையன் இதைவிட நல்லா போடுவான்." "அத்தை, இது பெயின்ட் கடை கலர் அட்டையா?" "சுத்த ஏமாற்று வேலை." கிண்டல் செய்ததில் எனக்குக் கோபம் இல்லை. பத்து விநாடி கூடப் பார்க்காமல் மார்க் போட்டுவிட்டீர்களே, அதில்தான் கோபம். விடைத்தாளைப் பிரிக்காமலே பூஜ்யம் போட்ட டீச்சரை நீங்கள் சும்மா விட்டிருப்பீர்களா?

இன்னொரு தம்பி நேர் எதிர். நான்கு சதுரமும் நான்கு வேதமாம். அவரும் படத்தைப் பார்க்கவில்லை.

ஆல்பர்ஸ் நம் இனம், வாத்தியார். 1888இல் ஜெர்மனியில் பிறந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவர். பிறகு பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்து படித்து அங்கேயே ஆசிரியரானார். 1933இல் நாஜிகளின் நெருக்கடியால் அது மூடப்பட, அமெரிக்கா போனார். அங்கேயும் வாத்தியார் வேலைதான். இந்தச் சதுரங்களை அவர் தொடங்கியது 1950இல், 62 வயதில்! 1976இல் கண்மூடும் வரை ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். சதுரங்களுக்கு இடையே கீழே ஒரு பங்கு இடம் என்றால், பக்கங்களில் இரண்டு, மேலே மூன்று. அந்த விகிதத்தை விடாமல் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று அறிவியல் பாடத்தில் உங்களுக்குச் சொன்னேனே, அதேதான். பலகை தட்டை. ஆனால் நிறம் மாறினால் நடுச்சதுரம் ஒரு படத்தில் முன்னால் வருகிறது, இன்னொன்றில் குழிக்குள் போகிறது. எந்தக் கம்பெனியின் எந்த வண்ணம் என்று பலகையின் பின்புறம் எழுதியும் வைத்தார். ஏமாற்றுக்காரன் கணக்கெழுதி வைப்பானா? (ஏலத்தில் என்ன விலை போகிறது என்பது வேறு விஷயம். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.)

இது அவர் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவைக் கவனித்த செவ்ரேல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்தது. 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். புடவையைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ரவிக்கைத் துணியை ஒட்டி வைத்துப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதா என்ன? அதே பெண்கள்தான் இங்கே வந்து சிரிக்கிறார்கள்!

இதை நான் விடாமல் பேசக் காரணம் உண்டு. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் தலைமையாசிரியர்கள். ஓவிய பீரியடைக் கணக்குக்குத் தாரைவார்க்கிறீர்கள். மிஞ்சிய பீரியடிலும் இலைக்குப் பச்சை, வானத்துக்கு நீலம் என்று விடைக்குறிப்பு வைத்திருக்கிறீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு வேப்பமரத்தடியை உற்றுப் பார்த்த பிள்ளை அங்கே ஊதா தீட்டினால் சிவப்பு மையில் சுழிக்கிறீர்கள். அந்தப் பிள்ளை கண்ணால் கண்டதைத் தீட்டியது. நீங்கள் மனப்பாடத்தைக் கேட்கிறீர்கள். பிறகு பெரிய வகுப்புக்குப் போனதும், "சோதனையில் பார்த்ததை எழுதாமல் புத்தகத்தில் இருப்பதை எழுதுகிறானே" என்று என்னிடமே வந்து புலம்புகிறீர்கள்!

சிரித்தவர்களுக்கு வீட்டுப்பாடம். பாடப்புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பரில் ஒரே தாளிலிருந்து விரற்கடை அளவில் இரண்டு சதுரம் வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புச் சார்ட் நடுவிலும், மற்றதை வெள்ளைச் சார்ட் நடுவிலும் வையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, எது வெளிறியது, எது அழுத்தம் என்று வீட்டில் உள்ள பிள்ளையிடம் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், ட்யூப்லைட்டில் வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்பவும் வேண்டாம், போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடும். பிள்ளை என்ன சொன்னது என்பதை மட்டும் கீழே எழுதுங்கள்.