உப்புக்கு என்னய்யா பண்ணுவ?

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகமாகிற நாள்ல எல்லாம் எனக்கு ஒரு வியாதி வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல யூட்யூப்ல யாராவது ஒருத்தர் காட்டுக்குள்ள தனியாளா மரம் வெட்டி, செதுக்கி, வீடு கட்டுறதைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். பேச்சு கிடையாது. கோடாலிச் சத்தம் மட்டும்தான். நாப்பது நிமிஷத்துல சுவர், கூரை, அடுப்பு எல்லாம் ரெடி. "சே... இதுதான்யா வாழ்க்கை"ன்னு ஒரு பெருமூச்சு விட்டுட்டு, காலை ஒன்பது மணி மீட்டிங்குக்கு அலாரம் வச்சுட்டுத் தூங்கிடுவேன் :-)

பொட்டி தட்டுற நம்ம மக்கள் பாதிப் பேருக்கு இந்த வியாதி இருக்குன்னு தெரியும். எனக்குக் கொஞ்சம் முத்திப் போச்சு. போன மாசம் ஊருக்குப் போனப்ப, ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்துல ஒரு ஏக்கர் விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டு, அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்குப் போயிட்டேன். கையால கட்டின ஒரு குடிசை, ஒரு கிணறு, நாலு காய்கறிப் பாத்தி, காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாய். யாரோட தயவும் வேண்டாம். இதுதான் பிளான்.

தாத்தாகிட்ட சொன்னேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"உப்புக்கு என்னய்யா பண்ணுவ?"

தாத்தா சும்மா கேட்கிற ஆள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, காய் பிடிக்கிறதுல இருந்து பறிப்பு முடியிற வரைக்கும் தோப்புலயே கிடந்து காவல் காத்தவர். எங்க ஊர்ச் சப்பட்டை மாம்பழம் உங்களுக்குப் பிடிக்கிறதை விட மலை மேல இருக்கிற யானைக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால ராத்திரி பரண் மேல ஒரு டார்ச் லைட்டோட உட்காரணும். குடிசையை அவரே கட்டினார். கம்பு ஊன்றி, தென்னங்கிடுகு வேய்ந்து, தரையை மெழுகி, எல்லாமே அவர் கைவேலை. நான் யூட்யூப்ல பார்த்து ஏங்கினதை அந்த மனுஷன் சம்பளம் இல்லாம செஞ்சிருக்கார். அவருக்கு அது கனவு இல்லை, குத்தகைப் பணம்.

அந்தக் கேள்வி மண்டையில உட்கார்ந்துக்கிட்டதால, தனியா காட்டுல வாழ்ந்த பெரிய ஆளுங்க உப்புக்கு என்ன பண்ணாங்கன்னு தேடிப் பார்த்தேன்.

முதல் ஆள் தோரோ. 1845 ஜூலை 4ஆம் தேதி வால்டன் குளத்துக் கரையில தானே கட்டின குடிலுக்குக் குடிபோனார். ரெண்டு வருஷம், ரெண்டு மாசம், ரெண்டு நாள் இருந்தார். வீடு கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட்னு கணக்கே எழுதி வச்சிருக்கார். ஆனா நிலம் அவரோட நண்பர் எமர்சனோடது. பலகையெல்லாம் வேறொருத்தரோட பழைய குடிசையை விலைக்கு வாங்கிப் பிரிச்சது. அம்மா வீடு நடந்து போற தூரம்தான். அப்பப்ப போய்ச் சாப்பிட்டுட்டும் வருவார்.

அடுத்து அலாஸ்காவுல டிக் ப்ரோனகி. நான் பார்த்த வீடியோவுக்கெல்லாம் இவர்தான் மூலவர். ஐம்பது வயசு தாண்டினப்புறம், 1968ல ட்வின் லேக்ஸ் ஏரிக் கரையில கைக்கருவிகளை மட்டும் வச்சு மரவீடு கட்டினார். பல கருவிகளுக்குப் பிடியைக் கூட அங்கேயே செதுக்கிக்கிட்டார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அங்க வாழ்ந்தார். அசாத்தியமான மனுஷர், சந்தேகமே இல்லை. ஆனா அவர் கூரையில, மேல போட்ட பாசிக்கு அடியில பாலித்தீன் ஷீட் இருந்தது. சாமானும் கடிதமும் ஒரு நண்பர் சின்ன விமானத்துல கொண்டு வந்து கொடுத்தார். அலாஸ்காவுல உப்பு ஆகாய மார்க்கமா வந்திருக்கு!

இவங்களைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லலை. தனியா இருக்கிறதும் தன்னிறைவும் ஒண்ணுன்னு நாமளா முடிச்சுப் போட்டு வச்சிருக்கோம். அந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்க்கிறேன்.

சரி, எங்க ஊர்க் கதைக்கு வருவோம். ராஜபாளையத்துல இருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்ல ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து மேற்கே திரும்பினா மலையடியில செண்பகத்தோப்பு. பளியர்கள் இருக்கிற இடம். காட்டுல வள்ளிக்கிழங்கு தோண்டி, பாறைத்தேன் எடுத்து, புல்வேய்ந்த குடிசையிலயும் பாறைக்குகையிலயும் தலைமுறை தலைமுறையா வாழ்ந்தவங்க. பீட்டர் கார்ட்னர்னு ஒரு அமெரிக்க மானிடவியலாளர் 1960களின் தொடக்கத்துல தென் தமிழகத்துப் பளியர்களோட தங்கி ஆய்வு செஞ்சார். அவர் திரும்பத் திரும்ப எழுதின விஷயம் ஒண்ணு உண்டு: பளியர்கள் யாரும் யாரையும் அதிகாரம் பண்றதில்லை. சண்டை வந்தா அடிச்சுக்காம விலகிப் போயிடுவாங்க. ஒவ்வொருத்தரும் தன் காலிலேயே நிற்கணும்னு நினைக்கிறவங்க.

பார்த்தீங்களா, நான் ஒரு ஏக்கர் வாங்கிச் சாதிக்க நினைச்சது அங்க ஏற்கெனவே இருந்தது. ஆனா அவங்க யாரும் தனியா வாழலை. சின்னச் சின்னக் கூட்டமாத்தான் வாழ்ந்தாங்க. தேனையும் காட்டுப் பொருளையும் கீழ கொண்டு வந்து கொடுத்துட்டு, அரிசி, துணி, இரும்புன்னு வாங்கிட்டுப் போனாங்க. யாருக்கும் அடங்காம இருக்கிறது வேற, யாரும் இல்லாம இருக்கிறது வேற.

இதைத் தாத்தா புத்தகம் படிக்காமலே தெரிஞ்சுக்கிட்டவர். நான் காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்கிறப்ப ஒருநாள் ராத்திரி பரண்ல இருந்து தவறி விழுந்து கால் முறிஞ்சுடுச்சு. செல்போன் இருந்தது, சிக்னல் இல்லை. விடியற வரைக்கும் அப்படியே கிடந்திருக்கார். காலையில தேனுக்காக அந்த வழியா போன ரெண்டு பளியர் பையங்க முனகல் சத்தம் கேட்டு வந்து, வேட்டியிலயே தூளி கட்டி ரோடு வரைக்கும் சுமந்துட்டு வந்தாங்க. அவங்க அன்னிக்கு வரலைன்னா இந்தக் கேள்வியைக் கேட்கத் தாத்தா இருந்திருக்க மாட்டார்.

எனக்கு உண்மையிலேயே சுருக்குனு தைச்ச விஷயம் இன்னொண்ணு. அந்த மலை 1988ல சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் ஆச்சு. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. நல்ல விஷயம்தான், காடு பிழைக்கணும். 2006ல வந்த வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்னாடியே காட்டில் வசித்து, காட்டை நம்பி வாழ்ந்த பழங்குடிகளுக்கு அந்த நிலத்துல உரிமை உண்டுன்னு சொல்லுது. ஆனா அந்த உரிமையை விண்ணப்பம் போட்டு, ஆதாரம் காட்டி நிரூபிக்கணும். தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல இருந்து அங்க இருக்கிறவன் ஆதாரத்தோட நிக்கணும். நேத்து யூட்யூப் பார்த்த நான் பக்கத்துப் பட்டா நிலத்தைப் பத்திரம் எழுதி வாங்கி, சோலார் வேலி போட்டு, யானை வர்ற வழியை அடைச்சுட்டு "இயற்கையோட இயைந்த வாழ்க்கை"ன்னு போட்டோ போடலாம். என்ன நியாயம் இது?

அட்வான்ஸ் கொடுக்கலை. புரோக்கர் அண்ணாச்சிக்குக் கோபம், அப்பாவுக்கு நிம்மதி.

குடிசை ஆசையே தப்புன்னு சொல்ல வரலை. நமக்கு வேண்டியது காடு இல்லையோன்னு தோணுது, அவ்வளவுதான். கையால ஒரு பொருளை முழுசா செஞ்சு முடிக்கிற திருப்தி, யாரும் 'அர்ஜென்ட்'னு கூப்பிடாத ஒரு சாயங்காலம், இது ரெண்டும் போதும். அதுக்கு யானை நடக்கிற பாதையில போய்க் குடியேற வேண்டியதில்லை. வர்ற சித்திரைக்கு லீவு போட்டுட்டு, தாத்தா தோப்புல கிடுகு மாத்துற வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். கால் சரியானதும் மனுஷன் மறுபடியும் குத்தகை எடுத்துட்டார், கேட்கிறதே இல்லை. பரண்ல ஏற மட்டும் இப்ப ஆள் வச்சிருக்கார்.

பி.கு: தாத்தாகிட்ட "நீங்க உப்புக்கு என்ன பண்ணீங்க?"ன்னு திருப்பிக் கேட்டேன். "உங்க ஆச்சி வாரா வாரம் கொடுத்து விடுவா"ன்னார். ஆச்சி அடுப்படியில இருந்தே, "உப்பு மட்டுமா கொடுத்து விட்டேன்?"னு ஒரு குரல் கொடுத்தாங்க பாருங்க... அப்புறம் தாத்தா பேசவே இல்லை :-)