நவராத்திரித் தாம்பூலமும் நலங்கு மாவும்

நவராத்திரி நாட்களில் வீடு தேடி வரும் பெண்மக்களை அம்பிகையின் ஸ்வரூபமாகவே பாவித்து, கொலுவுக்கு முன்னால் உட்காரவைத்து, பாடச் சொல்லிக் கேட்டு, சுண்டல் கொடுத்து, விடைபெறும்போது வெற்றிலை பாக்குடன் மஞ்சளும் குங்குமமும் சீப்பும் கண்ணாடியும் வளையலும் மைச் சிமிழும் வைத்துக் கொடுப்பது நம்மிடையே நெடுங்காலமாக நடந்துவரும் சம்பிரதாயம். இந்த வரிசையைச் சற்று நிதானித்துப் பார்த்தால், பண்டிகைப் பரிசு என்று நம் பாட்டிமார் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் அலங்கார சாதனங்களே என்பதும், அவற்றுள் குங்குமமும் மையும் வீட்டுக் கூடத்திலேயே இடித்தும் இழைத்தும் தயாரானவை என்பதும் விளங்கும்.

இப்போது அந்த வரிசையின் பெயர்தான் எஞ்சியிருக்கிறது. கடைவீதியில் டஜன் கணக்கில் வாங்கிவரும் பிளாஸ்டிக் டப்பாக்களும், சாயம் ஏற்றிய குங்குமப் பொட்டலங்களும், எதனால் ஆனதென்று எழுதப்படாத மைச் சிமிழ்களும் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கும் பிரிக்கப்படாமலே பிரயாணம் செய்கின்றன. கொடுத்தவருக்கு அதில் சிரத்தை இல்லை; பெற்றவருக்கு அதனால் உபயோகம் இல்லை. காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை வருவதும் பெரும்பாலும் இந்தப் பண்டிகையை ஒட்டியே ஆகையால், வீட்டுக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, தாம்பூலத்துக்குரிய ஒரே ஒரு பொருளையாவது நம் கையால் செய்து கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கொடுக்கும் பொருளில் என்ன இருக்கிறது என்பதற்குக் கொடுப்பவரே பொறுப்பேற்கும் நிலை அப்போதுதான் உண்டாகும்.

அதற்கு மிகவும் தகுந்தது ஸ்நானப் பொடியான நலங்கு மாவு. பச்சைப் பயறு அரைக் கிலோ, கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் 100 கிராம் வீதம், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், உலர்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ ஆகியவை 50 கிராம் வீதம் சேர்த்தால், அரைத்துச் சலித்தபின் 50 கிராம் கொண்ட பொட்டலங்கள் 15 தாராளமாக வரும். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் தலைமுறைகளாக இருந்துவரும் டப்பா செட்டிக் கடை போன்ற நாட்டு மருந்துக் கடை எந்த ஊரிலும் ஒன்றாவது இருக்கும். அங்கே குழந்தைகளை உடன் அழைத்துச் சென்று, ஒவ்வொரு சரக்கையும் கையில் வாங்கி முகர்ந்து பார்க்கச் செய்வதே அவர்களுக்கு ஒரு பாடம். உழவர் களையென்று பிடுங்கி எறியும் கோரையின் கிழங்குதான் இத்தனை வாசனை தருகிறது என்பதையும், மழையில்லாத வறண்ட தரிசில் தானாக மலர்ந்து கிடப்பதுதான் ஆவாரம்பூ என்பதையும், வெட்டிவேர் என்பது ஒரு புல்லின் வேர் என்பதையும் பாடப் புத்தகம் சொல்வதைவிட அந்தக் கடையின் மூட்டைகள் நன்றாகச் சொல்லும். கஸ்தூரி மஞ்சளை மட்டும் பொடியாக வாங்கவேண்டாம். அந்தப் பெயரில் வேறு கிழங்குகளும் விற்கப்படுவதால், கிழங்காகவே வாங்கி உடைத்துப் பார்ப்பது நலம். உள்ளே வெளிறிய நிறமும் கற்பூரம் கலந்தாற்போன்ற மணமும் உள்ளதே அசல்.

பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று புரட்டாசியைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, காய்கிற நாட்களில் சரக்குகளை மொட்டைமாடியில் பரப்பி, மாலையில் மறவாமல் உள்ளே எடுத்துவைக்கவேண்டும். விரலால் ஒடித்தால் சடக்கென்று ஒடியும் பக்குவம் வராமல் அரைத்த மாவு பூசணம் பிடித்துவிடும். மில்லுக்குக் கொடுப்பதானால், நமக்கு முன்னால் மிளகாய் அரைத்த மெஷினா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்கலாகாது. குழந்தையின் முகத்தில் பூசப்போகும் மாவில் மிளகாய்க் காரம் ஒட்டிக்கொள்வது சிறிய விஷயமன்று. கொஞ்சமாகச் செய்பவர்களுக்கு வீட்டு மிக்ஸியே போதும். அரைத்ததை மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்து, அதாவது துணி வழியே நுண்பொடியாகச் சலித்து, ஈரமில்லாத கையால் பொட்டலம் கட்டவேண்டும். கல் பொறுக்குவது, ரோஜா இதழ் உதிர்ப்பது, பழைய பருத்திப் புடவையில் சிறு பைகள் வெட்டுவது, சுருக்குக் கயிறு கோப்பது ஆகிய காரியங்களைக் குழந்தைகளிடம் விடலாம். மாவு பறக்கும்போது மட்டும் சிறியவர்கள் விலகி நிற்கட்டும். நுண்பொடி மூச்சில் ஏறுவது நல்லதல்ல.

பையோடு ஒரு சீட்டும் வேண்டும். குழந்தையின் கையெழுத்தில், இன்னின்ன சேர்ந்தது, இன்ன தேதியில் அரைத்தது என்று அதில் எழுதியிருக்கவேண்டும். பயறு ஒவ்வாத சருமம் உடையவர் இருக்கலாம். மஞ்சள் வேண்டாதவர் இருக்கலாம். விற்பனைக்கு அழகு சாதனம் தயாரிக்கிறவர் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் பெற்றாகவேண்டும், சேர்மானங்களை உறைமீது அச்சிட்டாகவேண்டும்; வியாபாரியிடம் அரசாங்கம் கேட்கிற அந்த நேர்மையை உறவினருக்கும் அயலாருக்கும் நாமாகவே காட்டுவது கடமை.

வீட்டில் செய்தது என்ற ஒரே காரணத்தால் எதுவும் தீங்கற்றதாகிவிடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நலங்கு மாவில் வழக்கமாகச் சேர்க்கப்படும் கார்போக அரிசி, வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கக்கூடிய ஸோராலென் என்ற பொருளை உடையது. மருத்துவர் மேற்பார்வையில் பயன்படவேண்டிய அந்தச் சரக்கைப் பரிசுப் பொட்டலத்தில் சேர்க்கவேண்டாம். கைக்குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு எந்த மாவையும் தேய்க்கவேண்டாம். மையைப் பொறுத்தவரை என் தீர்மானம் பலருக்கு வருத்தம் தரலாம்: கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த திரியை விளக்கெண்ணெயில் எரித்துப் பிடித்த மையானாலும் சரி, கடை மையானாலும் சரி, குழந்தைகளின் கண்ணுக்கு அது வேண்டியதில்லை. பல மைகளிலும் சுருமாக்களிலும் ஈயம் இருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கிறது. தாம்பூல வரிசையிலிருந்து மைச் சிமிழை எடுத்துவிடுவதால் அம்பிகைக்கு ஒரு குறையும் நேராது. விடிவதற்குள் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் மருதாணிக் கோன்களிலும் பி.பி.டி. என்ற முடிச்சாயம் கலந்திருப்பதுண்டு. அது கையில் கொப்புளம் எழுப்பும். முற்றத்து மருதாணி இலையை அம்மியில் அரைத்து வைத்தால் வரும் சிவப்பு போதும்.

குங்குமம் செய்வது சற்றுப் பெரிய பிரயாசை. விரலி மஞ்சளை உடைத்து, வெங்காரமும் படிகாரமும் கரைத்த எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்துத் துளி நெய் சேர்ப்பது பழைய முறை. வெங்காரம் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள் என்பதால் கரைப்பதும் பிசைவதும் பெரியவர்கள் காரியமாக இருக்கட்டும். மஞ்சள் சிவப்பாவதைக் குழந்தைகள் பார்க்கட்டும். அந்த ஆச்சரியத்தைப் பத்திரமாகக் காட்டவேண்டுமானால் தேங்காயெண்ணெயில் ஒரு துண்டு வேம்பாளம் பட்டையைப் போட்டு ஜன்னலோரம் வைத்துவிடலாம்: தண்ணீருக்கு நிறத்தை அவ்வளவாக விட்டுக்கொடாத அந்தப் பட்டை எண்ணெயைச் செக்கச்செவேலென்று மாற்றுவதைப் பார்க்கும் குழந்தை ஏன் என்று கேட்காமலிராது. அதே எண்ணெயில் மூன்று பங்குக்குத் தேன்மெழுகு ஒரு பங்கு உருக்கிச் சிறு டப்பிகளில் ஊற்றினால், அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் வரும் மார்கழிப் பனிக்கு உதட்டுப் பூச்சாகக் கொடுக்க உதவும்.

இவற்றுக்கெல்லாம் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அவகாசம் ஏது என்ற ஆட்சேபம் நியாயமானது. கொலு வைப்பது, சுண்டல் செய்வது, வந்தவரை உபசரிப்பது ஆகிய எல்லாச் சுமைகளுக்கும் மேல் இன்னொன்றையும் அவள் தலையில் ஏற்றுவது என் கருத்தன்று. சரக்கு வாங்குவதும் வெயிலில் உலர்த்துவதும் மில்லுக்குக் கொண்டுபோவதும் வீட்டு ஆண்மக்கள் செய்யத்தக்க காரியங்கள். குறிப்பாகச் சிறுவர்கள் செய்யவேண்டியவை. தங்கைக்கு வளையலும் தனக்கு ஒன்றுமில்லாததுமான பண்டிகையாக நவராத்திரியை இதுவரை கண்டுவந்த பையனுக்கு, வருகிறவர்களிடம் தான் சலித்த மாவைத் தானே எடுத்துக் கொடுக்கும் உரிமையைத் தந்து பாருங்கள்.

நலங்கு மாவைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குங்குமம் கொடுக்கும்போது கணவனை இழந்த பெண்ணைத் தவிர்த்துவிட்டு அடுத்தவரிடம் தட்டை நீட்டும் கொடுமை பல வீடுகளில் இன்னமும் நிகழ்கிறது. ஸ்நானப் பொடிக்கு அந்தப் பேதம் கிடையாது. அத்தைக்கும் பாட்டிக்கும், எதிர்வீட்டு முஸ்லிம் அம்மாளுக்கும், பாத்திரம் துலக்க வருகிறவளுக்கும், அவள் பெண்ணுக்கும் ஒரே மரியாதையுடன் அதைக் கொடுக்கலாம். ஆகையால் இந்த ஆண்டு கடைக்குப் போகுமுன் வாங்கவேண்டியவற்றின் பட்டியலில் டப்பாக்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பயறு அரைக் கிலோ என்று எழுதுங்கள்; மாவு தயாரானதும் முதல் பொட்டலத்தை, இதுவரை உங்கள் வீட்டுத் தாம்பூலத்துக்கு அழைக்கப்படாத ஒரு பெண்ணுக்கு, உங்கள் குழந்தையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.