‘பொருத்துக’வில் அடங்காத போர்

சென்ற மாதம் ஓர் இதழில் வந்த கட்டுரை, முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் சிப்பாய்களின் கொச்சைமொழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் ‘பொருத்துக’ விளையாட்டாகக் கற்பிப்பதை மகிழ்ச்சியான கல்வி என்று கொண்டாடியிருக்கிறது. அந்த மகிழ்ச்சியைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

‘பிளைட்டி’யையும் இங்கிலாந்தையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு மதிப்பெண். ஆனால் ‘பிளைட்டி காயம்’ என்று ஒன்று இருந்தது. உயிர் போகாமல், ஊருக்குத் திருப்பி அனுப்பும் அளவுக்கு மட்டும் குண்டு படாதா என்று போர்முனைப் பையன்கள் ஏங்கினார்கள். ‘சாட்’ என்றால் பேன். சட்டையின் தையலோரமாக மெழுகுவர்த்திச் சுடரை நகர்த்தினால் ஈர்கள் படபடவென்று வெடிக்கும். பதுங்குகுழிக் காய்ச்சலைப் பரப்பியது அந்தப் பேன்தான் என்பது 1918இல்தான் உறுதியானது. இதெல்லாம் எந்தக் கோட்டில் வரும்?

சிப்பாய்மொழி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ‘வைப்பர்ஸ் டைம்ஸ்’ என்ற போர்முனை இதழ். ஈப்ர நகரின் பெயர் நாவில் புரளாமல் அதை ‘வைப்பர்ஸ்’ ஆக்கிக்கொண்டவர்கள் அந்தச் சிப்பாய்கள். நகரத்து இடிபாடுகளில் கிடைத்த அச்சு இயந்திரத்தில் கேப்டன் ஃபிரெட் ராபர்ட்ஸ் 1916 பிப்ரவரியில் அந்த இதழைத் தொடங்கினார். எழுத்துகள் போதவில்லை. ஒரு பக்கத்தை அடித்து முடித்துப் பிரித்த பிறகே அடுத்த பக்கத்தைக் கோக்க முடிந்தது. ஊரில் பத்திரமாக உட்கார்ந்து போரைப் புகழ்ந்தவர்களை அந்த இதழ் விட்டுவைக்கவில்லை. கொச்சைமொழிக்கு அங்கே ஓர் எதிரி இருந்தான். பயிற்சித்தாளில் அவனைக் காணோம்.

ரஷ்ய இலக்கியச் சிந்தனையாளர் பக்தினையும் அவருடைய பல்குரல் கருத்தையும் இத்தனை காலம் பேசிய நம் விமர்சனம், ஒரு குரலை வினாத்தாளுக்குள் அடைப்பதைக் கைதட்டி வரவேற்கிறது. எதையும் வலிக்காமல் சொல்லித்தருவதே நல்ல கல்வி என்ற நம்பிக்கை பாடநூலோடு நிற்கவில்லை. நம் வரலாற்று நாவல்களையும் மேடைகளையும் அதுதான் ஆள்கிறது.

வலிக்கிற சிப்பாய்மொழி நமக்கும் உண்டு. அதே போரில் பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள், தணிக்கையை ஏய்க்க, கடிதங்களில் தங்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்று படித்தால், நம் சிப்பாய்கள் மடிகிறார்கள் என்பது அடுத்துப் பட்டாளத்தில் சேர நினைப்பவனுக்குப் புரியும். தணிக்கை அதிகாரிகளுக்கும் அது புரிந்தது. அவர்கள் மொழிபெயர்த்து வைத்ததால்தான் அக்கடிதங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

ஆசிரியர்களே, சொற்பட்டியலை ஒதுக்கிவிட்டு அந்தக் கடிதங்களில் ஒன்றை வகுப்பில் வாசியுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.