அயல்வீட்டுக்குப் போகும் தட்டம்

நத்தார்ப் பண்டிகையின் மரபுகள் யாவை என வினவினால், நட்சத்திர விளக்கையும் பாலன் குடிலையும் நள்ளிரவுப் பூசையையும் பலர் எடுத்துரைப்பர். அவை யாவும் சிறந்தனவே. ஆயினும், கொலன்னாவையில் எங்கள் வீட்டில் அவற்றுக்கு ஈடாகப் போற்றப்பட்ட மரபு இன்னொன்றுண்டு. அயலவர்க்குப் பலகாரத் தட்டம் அனுப்புவதே அது. இன்று அது தேய்ந்து வருகிறது. தேயவிடலாகாது என்பது என் கருத்து.

அத்தட்டத்தைச் சற்றே உற்றுநோக்குவோம். ‘நத்தார்’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. ரவையும் கஜுவும் சேர்த்துச் செய்யும் லவ் கேக்கும் அவர்கள் வழி வந்ததென்பர். கொக்கிஸ் என்னும் பெயரை ஒல்லாந்தரோடு தொடர்புபடுத்துவர். அந்த ஒல்லாந்தரோ, 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கியவர்கள். 1687 இல் இலங்கைக்கு வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளார், வீடுகளில் மறைவாகப் பூசை நிறைவேற்ற நேர்ந்த காலம் அது. இன்று அவை யாவும் எங்கள் முறுக்குக்கும் பயற்றம் பணியாரத்துக்கும் அருகே அமைதியாக வீற்றிருக்கின்றன. பழம்பகையைச் செரித்துவிடும் ஆற்றல் அடுப்படிக்கு உண்டு போலும்!

காலையில் பின்னல் துணியால் மூடிய தட்டங்களை அம்மா சிறுவர் எங்கள் கையிலே தருவார். சிங்கள வீட்டுக்கு ஒன்று, சைவ வீட்டுக்கு ஒன்று, முஸ்லிம் வீட்டுக்கு ஒன்று. அவை வெறுமையாய்த் திரும்பியதில்லை. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலுடனும், சித்திரைப் புத்தாண்டில் பாற்சோற்றுடனும், நோன்புப் பெருநாளில் வட்டிலாப்பத்துடனும் வந்து சேரும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் உட்பட மூன்று தேவாலயங்களும் மூன்று விடுதிகளும் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நத்தாரின்போது, முஸ்லிம் வீட்டுக்குத் தட்டம் அனுப்புவதா என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. தயங்கியவர்களுள் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. “இவ்வருடம் போகாவிட்டால் இனி எவ்வருடமும் போகாது” என்றார் அம்மா. தட்டம் போயிற்று. 2020 இல், ஊரடங்கின் நடுவே வந்த நோன்புப் பெருநாளன்று, அது மதிலுக்கு மேலாக வட்டிலாப்பத்துடன் திரும்பி வந்தது.

கடையில் வாங்கிய கேக் பெட்டியும் அன்பின் அடையாளந்தானே என்பர் சிலர். மறுக்கவில்லை. ஆனால் பெட்டியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பெற்றவுடன் கணக்கு முடிந்துவிடும். தட்டமோ திரும்பி வந்தாக வேண்டும். அது அயலாரிடம் ஓர் இனிய கடனை விட்டுவருகிறது. அக்கடன் இருக்கும்வரை இரு வீட்டார்க்கும் மீண்டும் சந்திக்க ஒரு காரணம் இருக்கும்.

வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு நேரமேது என்று கேட்பது நியாயமே. மரபின் பெருமை எல்லோர்க்கும், உழைப்பு தாய்மார்க்கு மட்டும் என்றிருந்த முறையே பிழையானது. பத்துப் பலகாரம் வேண்டா; வீட்டார் அனைவரும் கைகொடுத்துச் செய்த ஒன்று போதும். பாடசாலைகளில் ஒளிவிழாவை நடத்தும் ஆசிரியர்களும் இதனை மாணவர்க்கு எடுத்துச் சொல்லலாகாதா?

அம்மாவின் தட்டம் இன்று என் வீட்டில் இருக்கிறது. வரும் நத்தாருக்கு அதைச் சுமந்து செல்ல வேண்டியவன் என் மகன். முறுக்குப் பிழிய வேண்டியவன் நான்.