பம்புக்கு ஒரு நியாயம், சிடி பிளேயருக்கு ஒரு நியாயமா?

கோயம்புத்தூரில் பம்பு வாங்கப் போகிறவர் ஹெட் எத்தனை அடி, டிஸ்சார்ஜ் எவ்வளவு, எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்றுதான் கேட்பார். "இந்த மோட்டார்ல ஏத்துனா போர் தண்ணி சிறுவாணி மாதிரி இனிக்குமுங்க" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதே மனிதர் பழைய சிடி பிளேயர் வாங்கப் போனால், "இதோட சவுண்டே தனிங்க, அப்படியே வார்மா இருக்கும்" என்ற ஒரு வார்த்தைக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து நீட்டுகிறார். அளந்து வாங்கும் புத்தி எங்கே போனது?

சிடியில் இருப்பது வெறும் எண்கள். நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். 1982-ல் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து இது மாறவில்லை. தட்டில் கீறல் விழுந்து தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும், பிழைதிருத்தக் கணக்கு அந்த எண்களை அப்படியே மீட்டுவிடும். எண்களை மின்னலையாக்கும் வேலையை சாதாரண சிப்புகளே வெகுகாலமாகச் சுத்தமாகச் செய்துவருகின்றன.

"இல்லைங்க, நானே காதால கேட்டேன்" என்பார்கள். கேட்டிருப்பீர்கள். ஒரு பிளேயர் 2 வோல்ட் தருகிறது, இன்னொன்று 2.2 வோல்ட். வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இல்லை. அது சத்தம் கூடியதாகத் தெரியாது, தெளிவு கூடியதாகத்தான் தெரியும். மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் சமன்செய்து, எது ஓடுகிறதென்று தெரியாமல் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் மேயரும் மோரனும் இதைவிடக் கடுமையான சோதனை ஒன்றைச் செய்து 2007-ல் வெளியிட்டார்கள். உயர்தர ஒலிப்பதிவை நேராக ஒருமுறை, நடுவில் சிடி தரத்துக்குக் குறுக்கி ஒருமுறை என்று கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்.

விதிவிலக்கு உண்டு. சோனியின் முதல் பிளேயரான சிடிபி 101, இரண்டு சேனலுக்கும் ஒரே மாற்றியை மாறிமாறிப் பயன்படுத்தியது. இன்று ஃபில்டரே இல்லாமல் விற்கும் சில மாற்றிகள் உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். ஆனால் இவையெல்லாம் அளந்தால் மீட்டரில் தெரிகிற வித்தியாசங்கள். 'வார்ம்' என்ற சொல்லுக்கு மீட்டர் கிடையாது.

பிளேயருக்குப் பிளேயர் உண்மையிலேயே வேறுபடுவது உழைப்பில். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. டிடிஏ 1541 சிப்பின்மேல் கிரீடம் அச்சிட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறவர், லென்ஸின்மேல் படிந்த தூசியைப் பார்ப்பதில்லை. ஃபிலிப்ஸின் சிடிஎம் 1, சிடிஎம் 4 ஸ்விங் ஆர்ம் மெக்கானிசம் முப்பது வருடம் தாண்டியும் ஓடுகிறது. அதே கம்பெனியின் பிற்கால பிளாஸ்டிக் சிடிஎம் 12 சீக்கிரமே திணறும். சோனியின் கேஎஸ்எஸ் 213 வகை பிக்கப் மலிவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் இன்று கிடைப்பதில் நகல்கள் ஏராளம். ட்ரே பெல்ட் தளர்ந்துபோகும், கிரீஸ் காய்ந்து இறுகும். வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊரில், பஞ்சுத் தூசி பறக்கிற மில் பக்கத்து வீடுகளில், இவைதான் பிளேயரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

இதெல்லாம் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பிக்கப் மாற்ற அவர் ஆயிரம் கேட்டால் ஐந்நூறுக்குப் பேரம் பேசுகிறோம். பவர் கார்டுக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். அவரும் செல்போன் சர்வீஸுக்குப் போய்விட்டால் கிரீடம் போட்ட சிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்?

சத்தம்தான் முக்கியம் என்றால் தட்டைப் பாருங்கள். ஓரியண்டல் வெளியிட்ட பழைய இளையராஜா சிடிக்கும், சத்தத்தை ஏற்றி நசுக்கிய மறுபதிப்புக்கும் உள்ள தூரம் எந்த இரண்டு பிளேயருக்கும் நடுவில் இல்லை. கடையில் 'ரெக்கார்டிங்' செய்து வாங்கிய பல தட்டுகளில் இருப்பது எம்பி3-ஐ விரித்து எரித்த பாட்டு. அதை எதில் போட்டாலும் அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறீர்களா? எரித்த சிடி ஒன்று கொண்டுபோங்கள். அதன் பிரதிபலிப்பு குறைவு என்பதால் தளர்ந்த லேசர் அதைத்தான் முதலில் படிக்க மறுக்கும். கூடவே எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு தட்டு. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், கோணலான தட்டும் தேய்ந்த மெக்கானிசமும் கடைசிப் பாட்டில்தான் காட்டிக்கொடுக்கும். அரை மணி நேரம் சூடேறவிட்டுப் போடுங்கள். "ரெண்டு நிமிசம் கேட்டாப் பத்தாதுங்களா?" என்பார் விற்பவர். பத்தாதுங்க.